தண்ணீர் ஊற்றிய கணக்கு

கல்லோடைக் கரையில் ஒரு மடம். மடத்தில் ஒரு சாமி. உப்பில்லாச் சாமி என்றால்தான் ஊரில் தெரியும். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இருபத்தைந்து வயதில் உப்பை விட்டவர். கஞ்சி, கீரை, பருப்பு எதிலும் உப்பு கிடையாது. ஊறுகாய் ஜாடி இருக்கும் பக்கம் திரும்பவும் மாட்டார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "நாக்கு கேட்டுச்சு, அதனால குடுக்கலை" என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது.

அவருடைய சீடர்களில் மூத்தவர் தங்கநாச்சி டீச்சர். மூத்தவர் என்றால் வயதில். சாமிக்கு முப்பத்தெட்டு, டீச்சருக்கு ஐம்பத்து நான்கு. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்துவிட்டு, சாயங்காலம் மடத்துக்கு வந்து தம்பி வயதுக்காரர் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். கோபத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் அவர் மடத்துக்கே வந்தார். வந்த நாளிலிருந்து அது குறைந்ததாக அவரிடம் படித்த பிள்ளைகள் யாரும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று துளசிச் செடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"சாமி, ஒரு கணக்குக்கு விடை சரியா வந்தும், அது தப்பான கணக்கா இருக்க முடியுங்களா?"

"உட்காருங்க டீச்சர்."

"உட்கார முடியலைங்க."

"அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க."

டீச்சர் நின்றுகொண்டே சொன்னார்.

ஓடைக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு போடுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு கழிவுத் தண்ணீரோடு குழாய் வழியாக ஓடைக்கு வரும். மூன்று வருஷமாக வருகிறது. ஓடையை ஒட்டித்தான் மடத்துக் கிணறு. ஊர் முழுக்கக் குடிப்பது அந்த ஒரு கிணற்றை நம்பித்தான். இப்போது பட்டறையின் அனுமதி முடிகிறது. வெள்ளிக்கிழமை மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்து, மடத்துக் கூடத்தில் ஊரைக் கூட்டி, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஐந்து வருஷம் கழித்து அந்தக் கிணற்றில் மாடுகூட வாய் வைக்காது.

கேட்டுவிட்டு வரலாம் என்று டீச்சர் அன்று பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே மேனேஜர் நாற்காலியில் இருப்பவன் இன்பராசு. டீச்சரிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். மடத்தில் சமைக்கிற பழனாத்தாளின் ஒரே மகன். எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குளிர்ந்த மோர் வாங்கிக் கொடுத்து, ஒரு கணக்கைக் காட்டியிருக்கிறான்.

"என்ன கணக்கு?" என்றார் சாமி.

"நான் நடத்துன கணக்குங்க சாமி! எட்டு சதவீத உப்புக் கரைசல் நூறு லிட்டர் இருக்குது. அதை இரண்டு சதவீதக் கரைசல் ஆக்க எத்தனை லிட்டர் தண்ணீர் சேர்க்கணும்? வருஷா வருஷம் கரும்பலகையில எழுதிப் போடற கணக்கு. சேர்க்கற தண்ணி x. விடை முந்நூறு லிட்டர்."

"சரி."

"பட்டறைக் கழிவுல 0.8 சதவீதம் உப்பு இருக்குதாம். ஓடையில விட 0.2 வரைக்கும் அனுமதியாம். புள்ளியை மட்டும் நகர்த்திட்டான். ஒரு பங்கு கழிவுக்கு மூணு பங்கு நல்ல தண்ணியை போர் போட்டு உறிஞ்சி ஊத்தறாங்க. 0.2 வந்துருது. சட்டப்படி சுத்தம். 'நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதானுங்க டீச்சர்'ங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

"விடை சரிதானுங்களா?"

"சரிதானுங்க. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். அதுதான் பத்திக்கிட்டு எரியுது. தப்பா இருந்திருந்தா அங்கேயே காதைத் திருகியிருப்பேன்."

சாமி எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு டம்ளர் தண்ணீரும், உள்ளங்கையில் கொஞ்சம் கல்லுப்புமாகத் திரும்பி வந்தார். உப்பை டம்ளரில் போட்டுக் கலக்கி நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க."

டீச்சர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "கரிக்குதுங்க."

"கரிக்காமப் பண்ணுங்க."

டீச்சர் டம்ளரைச் சொம்பில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார். அப்போதும் கரித்தது. சொம்பைக் குடத்தில் கவிழ்த்தார். குடம் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"இப்ப தெரியலைங்க."

"நல்லது. குடிச்சு முடிங்க."

"எவ்வளவுங்க?"

"எல்லாத்தையும்."

"குடத்தையா?"

"டம்ளர்ல போட்ட உப்புத்தானே? எங்கயும் போகலையே?"

"போகலைங்க. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது."

"அப்ப குறைஞ்சது என்ன?"

"சதவீதம்."

"சதவீதத்தை யாராவது குடிப்பாங்களா டீச்சர்?"

வழக்கமான சீடனாக இருந்தால் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் காலில் விழுந்திருப்பான். கதையும் முடிந்திருக்கும். தங்கநாச்சி டீச்சர் விழவில்லை. குடத்தை ணங்கென்று தரையில் வைத்தார்.

"இது எனக்குத் தெரியாதுங்களா சாமி? இருபத்தெட்டு வருஷமா கணக்குச் சொல்லித் தர்றவளுக்கு உப்பு எங்க இருக்குதுன்னு தெரியாதா? டம்ளரையும் குடத்தையும் காட்டி அனுப்பிட்டா எனக்கு ஞானம் வந்துரும். கிணத்துக்கு என்னங்க வரும்? வெள்ளிக்கிழமை அதிகாரிக்கு முன்னால நான் குடத்தையா தூக்கிட்டு நிக்கறது?"

சாமி குடத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

டீச்சரால் நிறுத்த முடியவில்லை. "நீங்களும் அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கறீங்க. உங்க கஞ்சியும் அதுலதான் வேகுது. நாங்க எல்லாம் உப்புப் போட்டுத் தின்னு மரத்துப்போன நாக்கு, எங்களுக்குத் தெரியலை. பதின்மூணு வருஷமா உப்பைத் தொடாத நாக்கு உங்களுது. உங்களுக்குமா தெரியலை?"

"தெரிஞ்சுது" என்றார் சாமி.

"என்னங்க?"

"மூணு வருஷத்துக்கு முந்தியே தெரிஞ்சுது. கஞ்சி கரிச்சுது."

சாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல பழனாத்தாக்காவைக் கேட்டேன். கைமறதியா உப்புப் போட்டுட்டீங்களான்னு. அந்தம்மா சூடத்தை ஏத்திக் கையால அணைச்சு சத்தியம் பண்ணுச்சு. அழுதுச்சு. அதுக்கப்புறம் அதைக் கேட்கலை. என் நாக்கைத்தான் சந்தேகப்பட்டேன். விட்ட ஆசை எங்கயோ ஒளிஞ்சிருந்து திரும்பி வருது, அதனாலதான் இல்லாத உப்பு தெரியுதுன்னு நினைச்சேன். வாரத்துக்கு ஒரு நாள் இருந்த பட்டினியை மூணு நாள் ஆக்கினேன்."

சாமி இளைத்துக்கொண்டே போனதை ஊரே பார்த்தது. தவம் முற்றுகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டது. நல்ல தவம்! பட்டறைக்காரன் கொட்டிய உப்புக்கு இந்த மனுஷன் தன் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். நினைத்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

"சாமி, ஊருக்குள்ள இதே கதைதானுங்க நடக்குது. பருப்பு வேகலைன்னு மாமியார் மருமகளைத் திட்டுறா. தலைமுடி கொட்டுதுன்னு பொண்ணுங்க எண்ணெயை மாத்துறாங்க. தென்னை குரும்பை உதிர்க்குதுன்னு, நடும்போது எவன் கை பட்டுச்சோன்னு பேசுறாங்க. உப்பு எங்க போச்சுன்னு கேட்டீங்களே, அங்கதானுங்க போயிருக்குது. வீட்டுக்கு ஒருத்தர் தலையில ஏறி உட்கார்ந்திருக்குது."

சாமி எழுந்தார். நேரே சமையலறைக்குப் போனார். பழனாத்தாள் அரிவாள்மனையில் உட்கார்ந்து கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். சாமி அவள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயோ சாமி! என்னங்க இது, எந்திரிங்க! என்னைப் பாவத்துல தள்ளாதீங்க!"

"உங்களைச் சூடம் அணைக்க வெச்சேன் அக்கா. நீங்க உப்புப் போடலை. கிணத்துலயே உப்பு."

பழனாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாமியைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சூடம் சுட்ட வடு இன்னும் அந்தக் கையில் இருந்தது.

சாமி வெளியே வந்தார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அந்த மடத்தில் அதுவரை யாரும் அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை, அதனால் டீச்சருக்கு அது கோபம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"டீச்சர், நூறு லிட்டர் கணக்குன்னு சொன்னீங்க. நம்ம அன்னதான அண்டா எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"நூறு பிடிக்குங்க."

"அவங்க தண்ணியை ஊத்திக் கணக்குப் போட்டாங்க. நாம தண்ணியை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?"

 டீச்சர் அன்று முதல் முறையாக உட்கார்ந்தார்.

"போடலாங்க" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் பெண்கள் ஓடைக்குப் போய், குழாய் வாயிலேயே குடம் பிடித்து வந்து அண்டாவை நிரப்பினார்கள். கல் அடுப்பில் அண்டா ஏறியது. என்ன விசேஷம், பாயசமா என்று கேட்டவர்களுக்கு, ஆமாம், பட்டறைக்காரர் வீட்டுப் பாயசம் என்று டீச்சர் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அடுப்படியிலேயே நின்றார். விறகு வெட்டிப் போட ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. கொதித்த ஆவியில் சாய நெடி அடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் அண்டாவின் அடியில் தண்ணீர் இல்லை.

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள மனிதர். ஒரே நாளில் மூன்று ஊருக்குப் போக வேண்டியவர். இன்பராசு வெள்ளைச் சட்டையில் அவருக்கு முன்னாலேயே வந்து மேசை போட்டு, விரிப்பு விரித்து, விரிப்பின் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தான். கடையில் வாங்கிய பாட்டில். கிணறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

அன்னதான விவரம் எழுதும் பலகையில் இன்பராசு கணக்கை எழுதினான். அழகான கையெழுத்து. வரிக்கு வரி இடம் விட்டு, சமக்குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்தி எழுதினான். அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்ததே டீச்சர்தான்.

"x சமம் முந்நூறு" என்று முடித்து அடியில் இரண்டு கோடு போட்டான். "நூறு லிட்டர் கழிவுக்கு முந்நூறு லிட்டர் தண்ணீர் சேர்க்கறோமுங்க. 0.2 சதவீதம். அளவுக்கு உட்பட்டது."

கூட்டம் தலையாட்டியது. கணக்கென்று எழுதிக் காட்டினால் தலையாட்டுவதற்கு நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்தபடி.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று டீச்சர் எழுந்தார். "இன்பராசு, கணக்கு சரி. விடையும் சரி. கடைசி வரியை விடு. முதல் வரியை வாசி."

இன்பராசு பலகையைப் பார்த்தான். "நூறு லிட்டரில் 0.8 சதவீதம் சமம், நூறு கூட்டல் x லிட்டரில் 0.2 சதவீதம்."

"நடுவுல சமக்குறி போட்டிருக்கியே. எதுவும் எதுவும் சமம்?"

"இடது பக்கமும் வலது பக்கமுங்க."

"பக்கம் இருக்கட்டும். இடது பக்கத்துல இருக்கறது என்ன?"

"உப்புங்க."

"வலது பக்கத்துல?"

அவன் கண் பலகையின் வலது ஓரத்துக்குப் போனது.

"சொல்லு கண்ணு. வலது பக்கத்துல என்ன?"

"உப்புங்க டீச்சர்."

"தண்ணி ஊத்தறதுக்கு முந்தி இருந்த உப்பும்…"

"ஊத்தினதுக்குப் பிறகு இருக்கற உப்பும் சமமுங்க."

"அது சமம் இல்லாட்டி இந்தக் கணக்கு வருமா?"

"வராதுங்க."

"அப்ப உப்பு ஒரு கல்லுகூடக் குறையலைன்னு மொதல் வரியிலேயே எழுதி வெச்சுட்டு, கடைசி வரியில சுத்தம்னு கோடு போட்டிருக்கே."

 இன்பராசு சாக்குக்கட்டியைக் கையில் உருட்டினான். பிறகு, தலையைக் குனிந்துகொண்டே ஆனால் தெளிவாகச் சொன்னான்.

"டீச்சர், உப்பு எங்கே போச்சுன்னு பாடத்துல கேள்வியே இல்லைங்களே. எத்தனை லிட்டர் தண்ணி சேர்க்கணும்ங்கறதோட முடிஞ்சுது. நீங்களும் கேட்டதில்லைங்க."

"கேட்டதில்லை" என்றார் டீச்சர். "அதுக்கான கோபம் எம்மேல தனியா இருக்குது. அதை நான் பார்த்துக்கறேன். இப்ப கேட்கறேன், பதில் சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவு?"

"ரெண்டு லட்சம்."

"0.8 சதவீதம்னா உப்பு எவ்வளவு?"

அவன் பலகையில் போட்டான். "ஆயிரத்து அறுநூறு கிலோ."

"தண்ணி ஊத்தின பிறகு எட்டு லட்சம் லிட்டர் ஆகுது. அதுல 0.2 சதவீதம்?"

சாக்குக்கட்டியை வைக்கப் போனவன், மறுபடியும் பலகையில் போட்டுப் பார்த்தான். போடாமலே அவனுக்கு விடை தெரிந்துவிட்டது என்று அவன் கழுத்து சிவந்ததிலிருந்து தெரிந்தது.

"அதேதானுங்க."

"ஐம்பது கிலோ மூட்டையில எத்தனை மூட்டை?"

"முப்பத்திரண்டு."

"தினம் முப்பத்திரண்டு மூட்டை உப்பை வண்டியில கொண்டுவந்து எங்க கிணத்தோரம் கொட்டினா இந்த ஊரு சும்மா இருக்குமா? வண்டியைக் கொளுத்தியிருக்காது? தண்ணியில கரைச்சுக் கொட்டினா அது அளவுக்கு உட்பட்டது! அதைக் கரைக்கறதுக்கும் எங்க பூமிக்கு அடியில இருக்கற தண்ணியைத்தான் உறிஞ்சறீங்க!"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க ஆதங்கம் புரியுது. ஆனா விதி சதவீதத்தைத்தான் கேட்குது. மொத்தத்தைக் கேட்கலை."

அப்போதுதான் சாமி உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு தட்டு. அண்டாவின் அடியில் சுரண்டி எடுத்தது அதில் குவிந்திருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது. ஊதாவும் சாம்பலுமாக ஒரு நிறம். அதை விரிப்பின் மேல், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"குழாய் வாயில பிடிச்ச தண்ணிங்க. நூறு லிட்டர். காய்ச்சினோம். இருநூறு கிராம் வரணும்னு டீச்சர் முன்னமே சொல்லிட்டாங்க. நிறுத்துப் பார்த்தா இருநூறுதான் இருக்குது. பட்டறைக்காரங்க கணக்குல பொய் இல்லை."

அதிகாரி தட்டைப் பார்த்தார். தொடவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பழனாத்தாள் மெல்ல முன்னால் வந்தாள். மேனேஜர் ஆன பிறகு மகன் டவுனில் குடியிருந்தான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான், வரும்போது தண்ணீர் கேனும் காரில் வரும். அம்மாவுக்கும் ஒரு கேன் இறக்குவான். அவள் அதைப் பூசைக்கு என்று எடுத்து வைத்துவிடுவாள். பழனாத்தாள் விரலால் தட்டில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அது சாமியின் கஞ்சியில் அவள் ருசி பார்த்திருந்த அதே கரிப்பு. அன்றைக்குத் தன் நாக்கையும் அவள் நம்பவில்லை. தன் கைதான் தெரியாமல் செய்துவிட்டதோ என்ற பயத்தோடுதான் அன்று சூடத்தை அணைத்தாள்.

அவள் மகனைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, சாமி கஞ்சில இருந்தது நீ போட்ட உப்பா?"

 இன்பராசு பலகைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

"சொல்லு கண்ணு. நான் போடலைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"நான் போட்டதுதாம்மா" என்றான்.

பழனாத்தாள் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வடு இருந்த கையை அவன் முன்னால் நீட்டிக் காட்டினாள். காட்டிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

 அதிகாரி பேனாவை மூடினார்.

"ஆட்சேபம்னு எழுதிக்கறேன். நாளொன்றுக்கு மொத்த உப்பு எவ்வளவு, அது எங்கே போய்ச் சேருதுன்னு பட்டறை எழுத்துல குடுக்கணும். அது வர்ற வரைக்கும் என் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாம குழாய் திறக்கக் கூடாது." தட்டைக் கைகாட்டினார். "இதைப் பொட்டலம் கட்டிக் குடுங்க. நான் கொண்டுபோகணும்."

தேக்கிலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் இன்பராசு வந்தான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து தோளில் ஒரு குடம் சுமந்து வந்து, சமையலறை வாசலில் இறக்கினான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. பழனாத்தாள் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவன் அடுத்த குடத்துக்குப் போனான்.

அந்தத் தண்ணீரில் சாமிக்குக் கஞ்சி வைத்தார்கள். சாமி ஒரு வாய் உறிஞ்சி வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்றாள் பழனாத்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு.

"ஒண்ணுமே இல்லைங்க அக்கா" என்றார் சாமி. "இன்னிக்குத்தான் விரதம் ஆரம்பிக்குது."

பழனாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டீச்சர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கையில் இன்னும் சாக்குக்கட்டித் தூள் இருந்தது.

"சாமி, கையெழுத்து விழலை. ஆனா சும்மா இருக்க மாட்டாங்க. நாளைக்கு வேற கணக்கு எழுதிக்கிட்டு வருவாங்க. வேற அதிகாரி வருவாரு. ஊர்க்காரங்களும் ரெண்டு மாசத்துல ஆறிப்போயிருவாங்க. எனக்குத்தான் ஆறாது. ராத்திரி படுத்தாலும் அந்தச் சமக்குறிதான் கண்ணு முன்னால நிக்குது. பிள்ளைங்க பேர்ல கோபம், பட்டறை பேர்ல கோபம், எம்பேர்ல கோபம். இதைக் குறைக்கத்தானே நான் உங்ககிட்ட வந்தேன்? கொஞ்சம் குறைக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சாமி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"குறைக்க வேண்டாங்க டீச்சர். தண்ணி ஊத்தாம வெச்சுக்குங்க."